மூளைக்கு எத்தனை ஜிபி?

1981-இல் மங்களூரில் ராஜன் மகாதேவன் என்ற இளைஞர் பார்வையாளர்கள் முன்னிலையில் பை என்ற எண்ணின் இலக்கங்களை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற, முடிவே இல்லாத எண் அது. பள்ளிக்கூடத்தில் நாம் 3.14 என்று நிறுத்திக்கொள்கிறோம். அவர் 31,811 இலக்கங்கள் வரை பிழையில்லாமல் போனார். கின்னஸ் புத்தகம் அதை உலக சாதனையாகப் பதிவு செய்தது.

இந்தச் சாதனையைக் கணினியின் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரையுள்ள பத்தில் இது எந்த இலக்கம் என்று குறித்துக்கொள்ளக் கணினிக்குச் சராசரியாக 3.32 பிட் போதும். 31,811 இலக்கங்களுக்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் பிட் ஆகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக மொத்தம் 13 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பூப்போட்ட வணக்கப் படம் ஒன்றே இதைவிடப் பல மடங்கு பெரியது.

ஆனால் மனித மூளையில் 2.5 பெட்டாபைட், அதாவது 25 லட்சம் ஜிபி இடம் இருக்கிறது என்றும் நாம் அடிக்கடி படிக்கிறோம். முன்னூறு ஆண்டுகள் இடைவிடாமல் ஓடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் அளவு என்று கூடவே ஒரு விளக்கமும் வரும். கடுமையாக உழைத்து ஒருவர் செய்த உலக சாதனை 13 கிலோபைட். இருக்கும் இடமோ 25 லட்சம் ஜிபி. இந்த இரண்டு எண்களும் ஒரே மூளையைப் பற்றியவை என்றால், எங்கோ எதையோ மாற்றி எண்ணியிருக்கிறோம்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர், கணினிக்கு இன்றைய அமைப்பைத் தந்த ஜான் வான் நியூமன். 1957-இல் புற்றுநோயால் இறந்த அவருடைய கடைசிக் குறிப்புகள் மறு ஆண்டு ‘கணினியும் மூளையும்’ என்ற பொருள் தரும் தலைப்பில் நூலாக வந்தன. மூளையில் ஆயிரம் கோடி நியூரான்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் வினாடிக்கு 14 துடிப்புகளை வாங்குவதாகவும், அறுபது ஆண்டு வாழ்வில் எதுவுமே அழிவதில்லை என்றும் அவர் வைத்துக்கொண்டார். பெருக்கினால் 28-ஐ எழுதி அதன் பின்னால் 19 பூஜ்ஜியங்கள் போட வேண்டும். அத்தனை பிட். இதில் எண்ணப்படுவது நினைவு அல்ல, மூளைக்குள் ஓடிய மின்துடிப்பு முழுவதும். தெருவில் கேட்ட ஹாரன் ஒலி, சட்டை தோளில் உரசிய உணர்வு எல்லாம் அதில் அடங்கும். அவையெல்லாம் நிரந்தரமாகத் தங்குகின்றன என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் தாமஸ் லாண்டவர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1986-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரைகளில் ஒன்று. மண்டைக்குள் எவ்வளவு இடம் என்ற பேச்சையே விட்டுவிட்டு, மனிதர்கள் உள்ளபடி எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அளக்க முற்பட்டார். ஒருவரிடம் ஒரு பத்தியை வாசிக்கக் கொடுப்பது. பிறகு அதே பத்தியில் அங்கங்கே சொற்களை எடுத்துவிட்டு, விடுபட்டதை நிரப்பச் சொல்வது. அந்தப் பத்தியைப் பார்த்தே இராதவர்கூட மொழியறிவை வைத்துச் சில சொற்களை ஊகித்துவிடுவார். அவரைவிட, முன்பு வாசித்தவர் எத்தனை சொற்களைக் கூடுதலாகச் சரியாகச் சொல்கிறாரோ, அந்தக் கூடுதல்தான் வாசிப்பால் மூளையில் தங்கியது. அதை பிட்டாக மாற்றலாம். படங்களுக்கும் இசைக்கும் இதேபோல் தனித்தனி அளவைகள்.

எதை எடுத்தாலும் விடை ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நின்றது. வினாடிக்குச் சுமார் இரண்டு பிட். கண்ணுக்கும் காதுக்கும் எவ்வளவு வந்து கொட்டினாலும் நீண்ட நாள் நினைவுக்குள் போகிறது அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் சேர்வதைக் கூட்டி, மறதியைக் கழித்தால், லாண்டவருக்குக் கிடைத்தது சுமார் நூறு கோடி பிட். அதாவது 125 மெகாபைட்.

இன்று சாதாரணமாக விற்கும் 128 ஜிபி செல்போனில் இந்தக் கணக்குப்படி ஆயிரம் பேருடைய வாழ்நாள் நினைவு அடங்கிவிடும். வான் நியூமனின் எண் இதைப்போல 28,000 கோடி மடங்கு பெரியது. இன்னொன்றையும் கவனியுங்கள். விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில், வினாடிக்கு இரண்டு பிட் வீதம் சேர்வது சுமார் 14 கிலோபைட். ராஜன் மகாதேவன் மனத்தில் ஏற்றிய இலக்கங்களின் அளவும் கிட்டத்தட்ட இதுதான். கேள்விப்பட்ட செய்திகள், பார்த்த முகங்கள், தெருவில் புதிதாகத் திறந்த கடை என்று எந்த முயற்சியும் இல்லாமல் ஒரு நாளில் நமக்குள் சேர்கிற அளவை இலக்கங்களாகச் சேர்ப்பதற்கு அவருக்குக் கடும் உழைப்பு தேவைப்பட்டது. பிட் கணக்கில் இரண்டும் ஒன்று. மூளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

2.5 பெட்டாபைட் எங்கிருந்து வந்தது? 2010-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் பால் ரீபர், ஒரு வாசகரின் கேள்விக்கு சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழ்க் குழுமத்தில் அளித்த சுருக்கமான பதில் அது. நியூரான்கள் சுமார் நூறு கோடி, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் இணைப்புகள், அவை கூட்டாகச் சேர்ந்து பல நினைவுகளைத் தாங்குகின்றன என்று சொல்லிவிட்டு அந்த எண்ணுக்குப் போகிறார். இடைப்பட்ட கணக்கு அங்கே இல்லை. ஆனால் பிரேசில் விஞ்ஞானி சுசானா எர்குலானோ-ஹூசெல் குழுவினர் 2009-இலேயே மூளைத் திசுவைக் கரைத்து, அணுக்கருக்களை எண்ணி, மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்று காட்டியிருந்தார்கள். தோராயமாகச் சொல்லப்பட்ட ஒரு விடை, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே உண்மை என்ற தகுதியைப் பெற்றுவிட்டது.

பெட்டாபைட் என்ற பேச்சுக்கு உண்மையான ஆய்வு பலம் பிறகுதான் கிடைத்தது. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டாம் பார்டல், டெரி செய்நோவ்ஸ்கி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டன் ஹாரிஸ் ஆகியோர் எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஒரு துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாணத்தில் கட்டியெழுப்பினார்கள். அதில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. ஒரே நியூரானின் இழை, அடுத்த நியூரானின் ஒரே கிளையை இரண்டு இடங்களில் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இணைப்புகளுக்கும் வந்த செய்தி ஒன்று, வரலாறும் ஒன்று. எனவே இரண்டும் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது சராசரி வேறுபாடு 8 சதவீதம் அளவிலேயே இருந்தது.

இது ஏன் முக்கியம்? நியூரான்களுக்கு இடையிலான இணைப்புதான் சினாப்ஸ். கற்றுக்கொள்ளும்போது அது பெரிதாகிறது அல்லது சிறிதாகிறது. மிகச் சிறிய சினாப்ஸுக்கும் மிகப் பெரியதற்கும் இடையில் சுமார் அறுபது மடங்கு வித்தியாசம் உண்டு. இந்த நீண்ட வரிசையில், மூளை அளவுகளை இவ்வளவு துல்லியமாகப் பேணுகிறது என்றால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியக்கூடிய 26 படிகள் அதில் இருக்கின்றன. அதுவரை சிறியது, நடுத்தரம், பெரியது என்று சில படிகளே இருக்கும் என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. 26 நிலைகள் என்றால் ஒரு சினாப்ஸுக்கு 4.7 பிட். 2016 தொடக்கத்தில் இது உலகம் முழுக்கச் செய்தியானது. நூறு லட்சம் கோடி சினாப்ஸ்கள் என்று வைத்தால் 59 டெராபைட். ஆயிரம் லட்சம் கோடி என்று வைத்தால் பெட்டாபைட்டில் பாதியைத் தாண்டும்.

அழகான ஆய்வு. ஆனால் அதிலிருந்து ‘உங்கள் நினைவாற்றல் ஒரு பெட்டாபைட்’ என்று தாவுவதை நான் ஏற்க மாட்டேன். 8,600 கோடி நியூரான்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. உடல் அசைவுகளைச் சீராக்குவதுதான் சிறுமூளையின் முதன்மையான வேலை. பெருமூளைப் புறணியில் இருப்பவை 1,600 கோடி அளவே. அவற்றின் சினாப்ஸ்களும் நினைவைத் தாங்குவதோடு நிற்பதில்லை. பார்ப்பது, பேசுவது, முடிவெடுப்பது எல்லாமே அவற்றின் வழியாகத்தான் நடக்கின்றன. கணினியில் நினைவகம் தனி, கணக்கிடும் செயலி தனி. அந்தப் பிரிவினைக்கே வான் நியூமன் பெயர்தான் நிலைத்திருக்கிறது. மூளையில் அந்தப் பிரிவினை கிடையாது. எனவே சினாப்ஸ் மொத்தத்தையும் கூட்டி ஜிபி சொல்வது, ஒரு வீட்டில் எத்தனை செங்கல் என்று எண்ணிவிட்டு இத்தனை பேர் குடியிருக்கலாம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

சரி, எண்ணுவதற்கு பிட்டே சரியான அலகுதானா? 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியை வெளியிட்டது. உலகின் முதல் ஹார்டு டிஸ்க் அதில்தான் வந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளில் ஐம்பது லட்சம் எழுத்துகளைப் பதியலாம். அதே 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர், மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று எழுதிய கட்டுரை வந்தது. அந்த ஏழு என்ற எண் பிரபலமான அளவுக்கு அந்தக் கட்டுரையின் மையக் கருத்து பிரபலமாகவில்லை. ஏழு இலக்கங்கள் என்றால் சுமார் 23 பிட். மூன்று பைட்கூட இல்லை. ஏழு சொற்கள் என்றால் பிட் கணக்கு பல மடங்கு உயரும். ஆனாலும் மனிதரால் இரண்டையும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் நிறுத்த முடிகிறது. அப்படியானால் மனம் எண்ணுவது பிட்டை அல்ல, தனக்குப் பொருள்படும் பொட்டலங்களை. ஒரு பொட்டலத்துக்குள் எவ்வளவு அடைக்கலாம் என்பது ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. பின்னர் 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன், கலப்பில்லாமல் அளந்தால் பொட்டலங்கள் ஏழுகூட இல்லை, நான்குதான் என்று காட்டினார்.

ஒரு திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சீர், ஏறத்தாழ முப்பது எழுத்துகள். தெரிந்தவருக்கு முழுக் குறளும் ஒரே பொட்டலம். முதல் சீரைத் தொட்டால் மீதி தானாக வரும். தமிழ் அறியாதவருக்கு அதே ஒலிகள் முப்பது சிதறல்கள். எதுகையும் மோனையும் அடி அளவும் என்ன செய்கின்றன? அடுத்து வரக்கூடிய சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகின்றன. ஊகிக்க வேண்டியது குறையக் குறைய நினைவில் சுமக்க வேண்டிய பிட்டும் குறைகிறது. எழுதாமலே நூல்கள் தலைமுறை தாண்டி வந்ததில் யாப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே அமர்வில் நூறு செயல்களைக் கவனத்தில் கொண்டு சதாவதானி என்று பெயர் பெற்றார். கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பதும், இடையிடையே அடிக்கும் மணியை எண்ணிவைப்பதும் அவதானக் கலையின் வழக்கமான பகுதிகள். இலக்கணமும் இலக்கியமும் ஊறிய மனம் இல்லாமல் வெறும் நினைவாற்றலால் அதைச் செய்ய முடியாது.

ஆய்வகத்திலும் இதையேதான் கண்டார்கள். 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன், சேஸ் ஆகிய ஆய்வாளர்கள் சராசரி நினைவாற்றல் கொண்ட ஒரு மாணவருக்கு இலக்கங்களைப் படித்துக் காட்டி, திரும்பச் சொல்லவைத்தார்கள். தொடக்கத்தில் ஏழு. சுமார் இருபது மாதப் பயிற்சிக்குப் பிறகு 79. அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால், மூன்று நிமிடம் 49.2 வினாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனையை ஒட்டிய நேரம் என்று மனத்தில் பதிவார். அதே மாணவருக்கு இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது சுமார் ஆறுக்கு இறங்கிவிட்டார். ராஜன் மகாதேவனையும் பின்னாளில் அமெரிக்க உளவியலாளர்கள் விரிவாகச் சோதித்தார்கள். இலக்கங்களில் அசாதாரணத் திறன் காட்டிய அவர், குறியீடுகளைத் தந்தபோது சாதாரணக் கல்லூரி மாணவர்களின் அளவிலேயே இருந்தார். ஆக, இவர்களிடம் இருந்தது பெரிய ஹார்டு டிஸ்க் அல்ல.

கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முகவரி உண்டு. பாதி இடம் நிரம்பியிருந்தாலும் மீதிப் பாதி காலியாகக் காத்திருக்கும். நிரம்பிவிட்டால் இடமில்லை என்று சொல்லிவிடும். மூளையில் ஒரு நினைவு பல்லாயிரம் இணைப்புகளில் பரவிக் கிடக்கிறது. அதே இணைப்புகள் வேறு நினைவுகளிலும் பங்கு வகிக்கின்றன. இப்படிப் பரவிய நினைவுக்குக் கணித வடிவம் கொடுத்தவர் இயற்பியலாளர் ஜான் ஹாப்ஃபீல்டு. 1982-இல் அவர் அமைத்த மாதிரி வலையத்தில், கலைந்த ஒரு துணுக்கைக் கொடுத்தால் முழு வடிவமும் மீண்டு வரும். பாட்டின் நடுவரி காதில் விழுந்ததும் படமும் காட்சியும் ஞாபகத்துக்கு வருவதைப்போல. ஆயிரம் நியூரான்கள் உள்ள அத்தகைய வலையத்தில் சுமார் 140 வடிவங்களைத்தான் பதிய முடியும். அதற்கு மேல் திணித்தால் ‘இடமில்லை’ என்ற அறிவிப்பு வராது. பழையதும் புதியதும் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத ஒன்றைக் காட்டும். இந்தப் பணிக்காக 2024-இல் அவர் இயற்பியல் நோபல் பரிசை ஜெஃப்ரி ஹின்டனுடன் பகிர்ந்துகொண்டார்.

கலப்பு என்பது வெறும் கணித விஷயம் அல்ல. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினார்கள். ஒரு சாராரிடம் கார்கள் மோதியபோது என்ன வேகம் என்றும், இன்னொரு சாராரிடம் கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 14 சதவீதத்தினரும், இரண்டாவது குழுவில் 32 சதவீதத்தினரும் ஆம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு சொல் உள்ளே புகுந்து நினைவைத் திருத்திவிட்டது. ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்பைத் திறந்து பார்த்ததாலேயே அது மாறிவிடுவதில்லை. நீதிமன்றத்தில் கண்ணால் கண்ட சாட்சியை எடைபோடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

மறதியையும் குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா, எளிதில் எதையும் மறக்க முடியாத ஷெரஷெவ்ஸ்கி என்பவரைப் பல பத்தாண்டுகள் கவனித்து நூல் எழுதினார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரே முறை கேட்ட நீண்ட பட்டியலை அவர் அப்படியே திருப்பிச் சொல்வார். ஆனால் முகங்களை நினைவில் வைப்பது அவருக்குச் சிரமம். ஒரே முகம் ஒளியிலும் உணர்ச்சியிலும் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதாக அவர் குறைப்பட்டார். கதையை வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் ஒரு படத்தை எழுப்பி, சொல்ல வந்த கருத்தை மறைத்துவிடும். விவரங்களை உதிர்ப்பதால்தான் நம்மால் பொதுவானதைப் பிடித்துக்கொள்ள முடிகிறது.

கணினியையும் மூளையையும் நேருக்கு நேர் நிறுத்தும் எண் ஒன்று வேண்டுமென்றால், என் தேர்வு இது. 2024-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து மனித மூளைப் புறணியின் ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கை முழுமையாகப் படம்பிடித்து வெளியிட்டார்கள். வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட திசு அது. அதற்குள் 57,000 செல்கள், சுமார் 15 கோடி சினாப்ஸ்கள். அந்தப் படங்களைச் சேமிக்கத் தேவைப்பட்டது 1.4 பெட்டாபைட், அதாவது 14 லட்சம் ஜிபி. அதில் எந்த நினைவு இருக்கிறது என்று இன்னும் யாராலும் வாசிக்க முடியவில்லை. முழு மூளையோ சுமார் 20 வாட் ஆற்றலில் இயங்குகிறது.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மூளையில் இடம் போதாது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். ஞாபக சக்தியைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் காசு கொடுக்கவும் வேண்டாம். வாசல்தான் குறுகலானது, வினாடிக்கு இரண்டு பிட். அந்த வாசலைத் தாண்டிப் போனதைத் தக்கவைக்கும் வழியை 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஒரே பாடத்தை ஒரு பிரிவு மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்ததை எழுதியது. ஒரு வாரம் கழித்து முதல் பிரிவுக்கு 42 சதவீதமும், எழுதிப் பார்த்த பிரிவுக்கு 56 சதவீதமும் நினைவில் இருந்தன. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள்.